ஓர் இதயமும் சில படிக்கட்டுகளும்

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் இறந்தவர்களுக்கும் அரசியலிலிருந்து ஓய்வு கிடையாது. தேவாலய நிலவறைகளிலும் மலைச்சரிவுக் கல்லறைகளிலும் கிடப்பது யாருடைய சரித்திரம் என்ற வழக்கு அங்கே இன்னும் முடிந்தபாடில்லை.

நவம்பர் முதல் தேதி. மாலை ஐந்து மணிக்கெல்லாம் வில்னியஸ் நகரம் இருட்டிவிடுகிறது. பஸ்களிலிருந்து இறங்கும் கூட்டம் கைகளில் சாமந்திப் பூந்தொட்டிகளையும், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்த மெழுகுவர்த்திகளையும் ஏந்திக்கொண்டு ராசோஸ் கல்லறைத் தோட்டத்தின் வாசலுக்குள் நுழைகிறது. மேடும் பள்ளமுமான நிலம். பைன் மரங்களுக்கும் மேப்பிள் மரங்களுக்கும் நடுவே சாய்ந்த சிலுவைகள், பாசி படர்ந்த கல் தேவதைகள். சற்று நேரத்தில் மேடு முழுக்க ஆயிரக்கணக்கான சுடர்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் கொண்டாடும் அதே கல்லறைத் திருநாள்தான். லித்துவேனியர்கள் 'வேலினேஸ்' என்கிறார்கள். கிறிஸ்துவம் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் இருந்த முன்னோர் வழிபாட்டின் சாயல் அதில் இன்னும் இருக்கிறது. நவம்பர் 1 பல வருடங்களாகவே அரசு விடுமுறை. 2020 முதல் நவம்பர் 2-ம் விடுமுறை.

தன் வீட்டுக் கல்லறையில் விளக்கேற்றியவர்கள், பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லறையிலும் ஒன்றை ஏற்றிவிட்டுப் போவது வழக்கம். அந்த அனாதைக் கல்லறையில் பொறித்திருக்கும் பெயர் பெரும்பாலும் போலிஷ் மொழியில் இருக்கும். விளக்கேற்றும் கை பெரும்பாலும் லித்துவேனியனுடையதாக இருக்கும். இந்தச் சின்னச் செய்கைக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுப் பகை இருக்கிறது.

வில்னியஸ் பலருக்குச் சொந்தமாக இருந்த நகரம். லித்துவேனியப் பேரரசின் தலைநகர். பிறகு ஜார் மன்னர்களின் மாகாண நகர். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையே போலந்தின் வசம். அப்புறம் சோவியத் யூனியன். போலந்துக்காரர்கள் 'வில்னோ' என்றார்கள், யூதர்கள் 'வில்னா' என்றார்கள். ஒவ்வொரு ஆட்சியும் தெருப் பெயர்களை மாற்றியது. சிலைகளை இறக்கி வேறு சிலைகளை ஏற்றியது. மாற்றுவதற்குக் கடினமாக இருந்தவை கல்லறைகள் மட்டும்தான். அதனாலேயே எல்லோருடைய கண்ணும் அவற்றின் மீது விழுந்தது.

தாயும் மகனும்

1801-ல் முறைப்படி புனிதப்படுத்தப்பட்ட ராசோஸ், நகரின் பழைய கல்லறைத் தோட்டங்களில் முதன்மையானது. வாசலுக்கு அருகே, போர் வீரர்களின் ஒரே மாதிரியான கல்லறை வரிசைகளுக்கு நடுவே ஒரு பெரிய கறுப்புக் கிரானைட் பலகை. அதில் யாருடைய பெயரும் இல்லை. 'தாயும் மகனின் இதயமும்' என்று போலிஷ் மொழியில் இருக்கிறது.

மகன், நவீன போலந்தின் சிற்பி என்று கருதப்படும் மார்ஷல் யூசெஃப் பில்சூட்ஸ்கி. வில்னியஸுக்கு அருகில் பிறந்தவர். 1935-ல் அவர் இறந்தபோது உடல் போலந்து மன்னர்கள் துயிலும் கிராகோவ் நகரின் வாவெல் பேராலயத்துக்குப் போனது. இதயத்தைத் தனியே எடுத்து, தாயின் காலடியில் புதைக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். தாயின் எலும்புகளை வேறோர் ஊர்க் கல்லறையிலிருந்து கொண்டுவந்து, 1936 மே மாதம் இரண்டையும் ராசோஸில் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். 1939 செப்டம்பரில் சோவியத் படை நகருக்குள் நுழைந்தபோது இந்தக் கல்லறைக்குக் காவல் நின்ற மூன்று போலந்துச் சிப்பாய்கள் ஆயுதத்தைக் கீழே போட மறுத்து அங்கேயே செத்தார்கள் என்று போலந்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்த மூவரின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கிறது.

போலந்துக்காரர்களுக்கு இது யாத்திரைத் தலம். லித்துவேனியர்களுக்கோ, 1920-ல் தங்கள் தலைநகரைத் தந்திரமாகப் பறித்துக்கொண்ட மனிதரின் இதயம்.

அதே தோட்டத்தில், கொஞ்சம் நடந்தால் டாக்டர் யோனாஸ் பசனாவிசியஸின் சமாதி. நாட்டுப்புறக் கதைகளையும் பாடல்களையும் திரட்டி, லித்துவேனிய மொழிக்கு மரியாதை தேடித் தந்தவர். 1918 பிப்ரவரி 16-ல் வெளியான சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். வில்னியஸ் போலந்தின் கைக்குப் போன பிறகும் ஊரை விட்டுப் போக மறுத்து அங்கேயே வாழ்ந்து, 1927-ல் அதே பிப்ரவரி 16 அன்று இறந்தார். தேசத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவரும், தேசத்தின் தலைநகரைப் பறித்தவரின் இதயமும் ஒரே மண்ணில். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடப்பதால் இரண்டு தரப்புக்கும் அந்தத் தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம்.

அந்தக் கட்டாயம் சோவியத் காலத்தில் உதவியது. 1956-ல் ஹங்கேரியில் மக்கள் எழுச்சி நடந்துகொண்டிருந்த நேரம். வேலினேஸ் இரவில் பசனாவிசியஸ் சமாதியைச் சுற்றிக் கூடிய மாணவர்கள் தடைசெய்யப்பட்ட பாடல்களைப் பாடினார்கள். ஹங்கேரிக்கு ஆதரவாகக் குரல் எழுப்பினார்கள். போலீஸ் வந்தது, கைதுகளும் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கங்களும் தொடர்ந்தன. கூட்டம் கூட அனுமதி இல்லாத நாட்டில், இறந்தவருக்கு விளக்கேற்றப் போவதை மட்டும் அரசால் முழுதாகத் தடுக்க முடியவில்லை.

1980-களில் ராசோஸின் ஊடாக ஒரு பெரிய நெடுஞ்சாலை போடத் திட்டம் தயாரானது. பணத் தட்டுப்பாடும், போலந்துப் பத்திரிகையாளர் யெர்ஸி வால்டார்ஃப் நடத்திய பிரசாரமும் சேர்ந்து அதை நிறுத்தின. சோவியத் பிடி தளர்ந்த 1990-ல் பழைய ராசோஸைப் பேணுவதற்கென்றே உள்ளூர் போலந்துக்காரர்கள் ஒரு குழுவை அமைத்தார்கள். நிதி திரட்டி, உடைந்த சிலுவைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தும் வேலை அன்றிலிருந்து நடக்கிறது.

155 வருடம் தாமதமான சவ ஊர்வலம்

ராசோஸின் நடுமேட்டில் கோதிக் பாணியில் ஒரு சிற்றாலயம். 19-ம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்டது. 2019 நவம்பர் 22-ல் இந்தச் சிற்றாலயத்தை நோக்கி வந்த சவ ஊர்வலத்தில் இருபது பெட்டிகள் இருந்தன.

1863-ல் ஜார் ஆட்சிக்கு எதிராக போலந்து, லித்துவேனியா, பெலாரஸ் பகுதிகளில் கலகம் வெடித்தது. அதை அடக்க வந்த கவர்னர் முராவ்யோவுக்கு 'தூக்குப் போடுகிறவர்' என்றே பெயர். பிடிபட்ட தலைவர்களை வில்னியஸின் லூக்கிஷ்கேஸ் சதுக்கத்தில் மக்கள் முன்னிலையில் தூக்கிலிட்டார்கள். சிலரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல்களை உறவினர்களிடம் தரவில்லை. கல்லறை இருந்தால் அங்கே பூ வரும், பூ வந்தால் கூட்டம் வரும் என்பது அரசுக்குத் தெரியும். நகரின் நடுவே, அன்று ராணுவக் கோட்டையாக இருந்த கெடிமினாஸ் குன்றின் உச்சியில் ரகசியமாகப் புதைத்துவிட்டார்கள்.

2017-ல் குன்றில் மண் சரிந்தது. அதைச் சரிசெய்யப் போனபோது எலும்புகள் கிடைத்தன. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. மேலே சுண்ணாம்பு கொட்டியிருந்தது. ஓர் எலும்புக்கூட்டோடு ஒரு தங்க மோதிரம். அதில் சிக்மண்ட், அப்பலோனியா என்ற இரண்டு பெயர்களும் 1862 ஆகஸ்ட் மாதத் தேதியும் இருந்தன. கலகப் படைத் தலைவர் சிக்மண்ட் செராகோவ்ஸ்கியின் கல்யாண மோதிரம் அது. கல்யாணமான பத்து மாதத்தில் தூக்குமேடை. 26 வயதில் தூக்கிலிடப்பட்ட கான்ஸ்டன்டின் கலினோவ்ஸ்கியையும் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

இறுதிச் சடங்குக்கு லித்துவேனிய ஜனாதிபதி கிதானஸ் நவுசேடாவும் போலந்து ஜனாதிபதி ஆந்த்ரே டூடாவும் வந்தார்கள். ஆனால் தெருவெங்கும் கண்ணில் பட்டது பெலாரஸிலிருந்து வந்தவர்கள் தூக்கிப் பிடித்த வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடி. அவர்கள் நாட்டு அரசுக்குப் பிடிக்காத கொடி. கலினோவ்ஸ்கியை பெலாரஸ் மக்கள் தங்கள் நாயகனாக நினைக்கிறார்கள். 2022-ல் உக்ரைனுக்காகப் போரிடக் கிளம்பிய பெலாரஸ் தொண்டர் படைக்கு வைக்கப்பட்டதும் அவருடைய பெயர்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் முராவ்யோவ் எதற்குப் பயந்தாரோ, அது கடைசியில் நடந்துவிட்டது.

ஆலயத்துக்கு அடியில்

ஊருக்கு வெளியே தோட்டம் அமைத்துப் புதைப்பது வில்னியஸில் புதுப் பழக்கம்தான். 18-ம் நூற்றாண்டின் இறுதிவரை வசதியுள்ளவர்களின் இடம் ஆலயத்துக்கு அடியில், ஏழைகளின் இடம் ஆலய வளாகத்தில். நகரங்களில் நெரிசலும் நாற்றமும் நோயும் பெருகிய பிறகுதான் கல்லறைகளை வெளியேற்ற வேண்டும் என்ற சுகாதார எண்ணம் ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1801-ல் ராசோஸ், 1809-ல் அந்தகல்னிஸ், 1810-ல் வில்னியா ஆற்றங்கரையில் பெர்னார்டைன் துறவிகளின் கல்லறைத் தோட்டம் என்று வரிசையாக வந்தவை அதன் விளைவு.

அதற்கு முந்தைய பழக்கத்தைப் பார்க்க அந்தகல்னிஸ் பகுதியிலுள்ள புனித பேதுரு-பவுல் ஆலயத்துக்குப் போக வேண்டும். 1668-ல் இதைக் கட்ட ஆரம்பித்தவர் மிகால் காசிமீர் பாட்ஸ் என்ற படைத் தளபதி. இத்தாலியச் சிற்பிகள் சுவரிலும் விதானத்திலும் சுண்ணாம்புச் சாந்தில் வடித்த உருவங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அத்தனை ஆடம்பரத்தைக் கட்டியவர், தன்னை மட்டும் வாசற்படிக்குக் கீழே புதைக்கச் சொன்னார். வருகிறவர் போகிறவர் எல்லாம் மிதித்துச் செல்லட்டும் என்று. கல்லில் பொறிக்கச் சொன்னது: 'இங்கே ஒரு பாவி கிடக்கிறான்.' பிற்காலத்தில் இடி விழுந்து மேலிருந்த சிலை சரிந்ததில் அந்தக் கல் உடைந்தது. இன்று அது வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது.

டொமினிக்கன் சபையின் பரிசுத்த ஆவி ஆலயத்தில், இன்றும் போலிஷ் மொழியில் திருப்பலி நடக்கிறது. அதன் நிலவறையில் காற்றோட்டமும் குளிர்ச்சியும் சேர்ந்து பல உடல்களை அழுகவிடாமல் உலர்த்தி வைத்திருக்கின்றன. அவற்றில் ஒரு சின்னஞ்சிறு குழந்தையின் உடலிலிருந்து பெரியம்மைக் கிருமியின் மரபணுவை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2016-ல் வெளியிட்டார்கள். குழந்தை இறந்தது 17-ம் நூற்றாண்டின் நடுவில். அன்றைக்குக் கிடைத்திருந்த பெரியம்மை மரபணுக்களில் அதுவே மிகப் பழையது. நாம் அறிந்த பெரியம்மைக் கிருமிகளின் பொது மூதாதை சில நூற்றாண்டுகளுக்கு முந்தையதுதான் என்ற முடிவுக்கு அது இட்டுச் சென்றது. இந்தியா 1975 வரை மல்லுக்கட்டி விரட்டிய அந்த நோயின் வரலாற்றில் ஒரு அத்தியாயம், பெயர் தெரியாத ஒரு லித்துவேனியக் குழந்தையிடமிருந்து வந்தது.

பேராலயத்தின் கதை வேறு. 1931 வசந்த காலத்தில் ஆற்று வெள்ளம் புகுந்து அஸ்திவாரம் ஆட்டம் கண்டது. பழுதுபார்க்கத் தோண்டியபோது, எங்கே என்று தெரியாமல் போயிருந்த அரச கல்லறைகள் கிடைத்தன: மன்னர் அலெக்சாண்டர், ஆஸ்திரிய இளவரசி எலிசபெத், 1551-ல் இறந்த ராணி பார்பரா ராட்ஸிவில். 1939-ல் போர் மூண்டதும் சவப்பெட்டிகளிலிருந்து எடுத்த கிரீடங்களையும் செங்கோலையும் யாரோ நம்பிக்கையானவர்கள் ஒளித்து வைத்தார்கள். பிறகு இடத்தைச் சொல்ல ஆள் இல்லை. சோவியத் ஆட்சியில் பேராலயம் ஓவியக் கூடமானது. லித்துவேனியாவின் காவலரான புனித காசிமீரின் சவப்பெட்டி 1953-ல் அங்கிருந்து பேதுரு-பவுல் ஆலயத்துக்குக் குடிபெயர்ந்து, 1989-ல்தான் திரும்பியது. கிரீடங்களோ 2024 டிசம்பர் வரை காத்திருந்தன. பேராலய நிலவறையிலேயே, 1939 செப்டம்பர் மாதத்துச் செய்தித்தாளில் சுற்றியபடி அவை கிடைத்தன.

நெப்போலியனின் சிப்பாய்கள்

2001-ல் பழைய சோவியத் ராணுவ முகாம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் கட்டப் பள்ளம் தோண்டியபோது எலும்புக் குவியல் வெளிப்பட்டது. ஊருக்கு முதலில் வந்த சந்தேகம் ஸ்டாலின் மீதும் ஹிட்லர் மீதும்தான். மண்ணைச் சலித்தபோது கிடைத்த பொத்தான்களில் பிரெஞ்சுப் படைப்பிரிவுகளின் எண்கள். 1812 ஜூனில் இதே நகரின் வழியாக மாஸ்கோவை நோக்கிப் போன நெப்போலியனின் மகாசேனை, டிசம்பரில் குற்றுயிரும் குலையுயிருமாகத் திரும்பி வந்தது. குளிரிலும் பசியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் விழுந்தவர்களை, அவர்களே கோடையில் வெட்டிய பதுங்கு குழியில் தள்ளி மூடியிருந்தார்கள்.

பற்களை ஆராய்ந்தவர்கள் 2006-ல் பேன் மூலம் பரவும் காய்ச்சல்களின் தடயங்களைக் கண்டார்கள். 2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு பாராடைபாய்டு கிருமியையும் மறுகாய்ச்சல் கிருமியையும் கண்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 2003-ல் அந்தகல்னிஸ் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன.

அந்தகல்னிஸ், படைகளின் கல்லறை. போலந்து, ஜெர்மன், ரஷ்யச் சிப்பாய்கள் இங்கே அக்கம்பக்கத்தில் கிடக்கிறார்கள். நடுவில் அரைவட்டமாக அமைந்திருப்பவை, 1991 ஜனவரி 13-ல் டெலிவிஷன் கோபுரத்தைக் காக்கப் போய் சோவியத் டாங்கிகளுக்கு முன் செத்தவர்களின் கல்லறைகள். கொஞ்ச தூரத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த சோவியத் வீரர்களின் நினைவிடம். உக்ரைன் போருக்குப் பிறகு அந்தச் சிலைகளை என்ன செய்வது என்று கேள்வி எழுந்தது. ஐ.நா. மனித உரிமைக் குழு பொறுத்திருக்கச் சொன்னது. 2022 டிசம்பரில் நகராட்சி சிலைகளை அகற்றிவிட்டது; கல்லறைகளைத் தொடவில்லை. சிலைக்கும் சவத்துக்கும் இடையே கோடு கிழிக்க முடியும் என்பது நகராட்சியின் வாதம். எல்லோரும் அதை ஏற்கவில்லை.

மிதிபட்ட பெயர்கள்

இத்தனையும், தப்பித்த கல்லறைகளின் கதை. தப்பாதவையும் உண்டு.

ஒருகாலத்தில் 'லித்துவேனியாவின் ஜெருசலேம்' என்று பெயர் பெற்ற நகரம் வில்னியஸ். நெரிஸ் ஆற்றின் வடகரையில், ஷ்னிபிஷ்கேஸில் இருந்த பழைய யூதக் கல்லறையை 1831-ல் ஜார் அரசு மூடியது. யூத ஞானி வில்னா காவோன் 1797-ல் அடக்கமானது அங்கேதான். ஹிட்லரின் ஆட்கள் நகரத்து யூதர்களை ஊருக்கு வெளியே பனேரியாய் காட்டில் சுட்டுக் குவித்தார்கள். உறவுகளின் கல்லறையைக் கேட்க அதன்பின் ஆள் இல்லை. சோவியத் அதிகாரிகள் 1949-50-ல் ஷ்னிபிஷ்கேஸை அழித்தார்கள். காவோனின் எச்சங்களையும் இன்னும் சிலருடையதையும் மட்டும் மிஞ்சியிருந்த யூதர்கள் வேறு கல்லறைக்கு மாற்ற முடிந்தது. 1971-ல் அந்த இடத்தில் விளையாட்டு அரங்கம் எழுந்தது. சுதந்திர லித்துவேனியா அதை மாநாட்டு மண்டபமாக்க முனைந்தபோது உலகெங்கும் யூத அமைப்புகள் எதிர்த்தன. 2021-ல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விவாதம் அதன் பிறகும் ஓயவில்லை.

உஜுபிஸ் சரிவில் இருந்த இன்னொரு யூதக் கல்லறைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். 1960-களில் அதைப் பெயர்த்து, கற்களைக் கட்டுமானச் சரக்காக்கினார்கள். டௌரஸ் குன்றில் தொழிற்சங்க மாளிகைக்கு ஏறும் படிகளாக இருந்தவை அந்தக் கற்கள்தான். சினிமாக் கொட்டகையாக மாற்றப்பட்ட சீர்திருத்த சபை தேவாலயத்தின் படிகளாக இருந்தவையும் அவையே. திரும்பக் கிடைத்த தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஜெபிக்கப் போன விசுவாசிகள், யாரோ ஒருவருடைய தாத்தாவின் பெயரை மிதித்துத்தான் ஏறியிருக்கிறார்கள். பாட்ஸ் தளபதி தன் பெயரை மிதிக்கச் சொன்னது அவராகத் தேடிக்கொண்ட பணிவு. இவர்களை யாரும் கேட்கவில்லை.

யூதர்களோடு நிற்கவில்லை. அதே டௌரஸ் குன்றில் ஜெர்மானிய வணிகர்களும் பேராசிரியர்களும் துயின்ற லுத்தரன்-சீர்திருத்த சபைக் கல்லறையும் தரைமட்டமானது. 1974-ல் அங்கே திறக்கப்பட்டது திருமண மாளிகை. சோவியத் தம்பதிகள் தேவாலயத்துக்குப் போகாமல் பதிவுத் திருமணம் செய்துகொள்வதற்கான நவீனக் கட்டிடம். கட்டிடக்கலைக்காகப் பாராட்டப்பட்டது, இன்றும் மாப்பிள்ளையும் பெண்ணும் அந்தப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படிகளை ஒவ்வொன்றாக இனம் கண்டு கழற்றும் வேலை சுதந்திரத்துக்குப் பிறகு தொடங்கியது. அது வேகமாக நடக்கவில்லை என்பது யூத சமூகத்தின் மனக்குறை. மீட்ட கற்களில் சிலவற்றைச் சேர்த்து உஜுபிஸ் சரிவின் அடிவாரத்தில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். எழுத்து இருக்கிறது, எழுத்துக்குரியவர் எங்கே கிடக்கிறார் என்பது தெரியாது. கல்லைத் திரும்பக் கொண்டுவரலாம், அது நின்ற இடத்தைக் கொண்டுவர முடியாது.

நவம்பர் இரவில் ராசோஸின் சுடர்கள் விடியும்வரை எரிகின்றன. பில்சூட்ஸ்கியின் கறுப்புக் கல் மீது போலந்து நாட்டு வெள்ளை-சிவப்பு ரிப்பன்கள் குவிகின்றன. பசனாவிசியஸ் சமாதியில் லித்துவேனியக் கொடியின் மஞ்சள், பச்சை, சிவப்பு. நகரின் இன்னொரு கோடியில், காவோன் இப்போது துயிலும் சிறு கட்டிடத்துக்குள் மெழுகுவர்த்தியோடு மடித்து வைத்த வேண்டுதல் சீட்டுகள். வெளியே கல்லறைகளின் மேல், யூத வழக்கப்படி, பூவுக்குப் பதிலாகக் கூழாங்கற்கள். தூரத்து நாடுகளிலிருந்து யாரோ வந்து வைத்துவிட்டுப் போனவை. டௌரஸ் குன்றின் புல்வெளியில் மட்டும் எந்த வெளிச்சமும் இல்லை. விளக்கு வைப்பதற்கு அங்கே கல் இல்லை.